ஜெனீவாவில் கேட்கும் கேள்விக்கு ஏற்காட்டில் யார் பதில் எழுதுகிறார்கள்?

ஏற்காட்டில் இல்லம் தேடிக் கல்வி தன்னார்வலராக இருந்து, இப்போது சேலத்தில் சமூகப்பணி படிக்கும் ஒரு தங்கை கேட்ட கேள்வி இது: "குழந்தை உரிமை உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போட்டிருக்கிறது என்று வகுப்பில் சொல்கிறார்கள். போட்டபடி நடக்கிறதா என்று யார் பார்க்கிறார்கள்? எங்கள் மலைக்கு யாரும் வந்து பார்த்ததாக எனக்குத் தெரியவில்லையே?"

முதலில் ஒரு சின்னத் திருத்தம். இந்தியா கையெழுத்துப் போடவில்லை. 1989 நவம்பர் 20 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட அந்த உடன்படிக்கையில், 1992 டிசம்பர் 11 அன்று நேரடியாகச் சேர்ந்துகொண்டது. முதலில் கையெழுத்து, பிறகு ஒப்புதல் என்று இரண்டு படி ஏறாமல் ஒரே படியில் ஏறுவது. பொறுப்பு இரண்டிலும் ஒன்றுதான். தேர்வில் கேட்டால் மார்க் போகுமே என்று சொல்கிறேன். சேரும்போதே 32-வது பிரிவுக்கு, அதாவது குழந்தைகளை வேலைக்கு வைப்பது பற்றிய பிரிவுக்கு, ஒரு குறிப்பும் சேர்த்தே கொடுத்தது: எல்லாத் தொழிலிலும் குறைந்தபட்ச வயதை உடனே கொண்டுவர முடியாது, படிப்படியாகத்தான் முடியும் என்று. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறைகளுக்கு நடுவில் வளர்ந்தவள் நான். அந்தப் 'படிப்படியாக' என்ற சொல்லுக்கு எனக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. என்னோடு ஐந்தாவது படித்த இரண்டு பேர் ஆறாவதுக்கு வரவில்லை. பட்டறையில் வெள்ளியைப் பற்றவைக்கப் பொடி வைத்து ஊதிக்கொண்டிருந்தார்கள்.

சரி, யார் பார்க்கிறார்கள்? ஜெனீவாவில் குழந்தை உரிமைக் குழு என்று ஒன்று இருக்கிறது. முதலில் 10 பேர், இப்போது 18 பேர். உடன்படிக்கையின் 44-வது பிரிவுப்படி, சேர்ந்த நாடு ஒவ்வொன்றும் இரண்டு வருடத்தில் முதல் அறிக்கை கொடுக்க வேண்டும். அப்புறம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. குழு அதைப் படித்து எழுத்தில் கேள்வி அனுப்பும், பிறகு அரசுப் பிரதிநிதிகளை எதிரில் உட்கார வைத்து நேரில் கேட்கும். கடைசியில், எது சரியில்லை, எதை மாற்ற வேண்டும் என்று தன் கருத்தை வெளியிடும். இந்தியாவை இப்படி 2000, 2004, 2014 ஆகிய ஆண்டுகளில் கேட்டார்கள். காலக்கெடு தவறுவது இதில் புதிதில்லை. 1995-இல் போக வேண்டிய நம் முதல் அறிக்கை 1997-இல்தான் போனது. 2014-இல் அவர்கள் சொன்னவற்றில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 32-வது பிரிவுக்கு எழுதிய அந்தக் குறிப்பை விலக்கிக்கொள்ளுங்கள் என்பது ஒன்று. குழந்தைகளைப் பற்றிய புள்ளிவிவரத்தை வயது, பால், இடம், சமூகம், மாற்றுத்திறன் என்று பிரித்துத் திரட்டுங்கள் என்பது மற்றொன்று. இரண்டாவதைக் கேட்கும்போது சப்பென்று இருக்கும். உங்கள் மலையைப் பற்றிய கேள்விக்குப் பதில் அதற்குள்தான் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

இந்தக் குழுவுக்குத் தண்டிக்கும் அதிகாரம் எதுவும் இல்லை. அபராதம் இல்லை, சம்மன் இல்லை. குழந்தையோ அவர் சார்பில் ஒருவரோ நேரடியாகக் குழுவிடம் முறையிட வழிசெய்யும் கூடுதல் நெறிமுறை ஒன்று 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதில் இந்தியா சேரவில்லை. ஆக, குழுவின் கையில் இருப்பது கேள்வி ஒன்றுதான். அதற்காக அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஜெனீவாவில் கேட்ட கேள்வி டெல்லிக்கு வந்து, டெல்லி சென்னையைக் கேட்டு, சென்னை சேலம் கலெக்டர் ஆபீஸைக் கேட்டு, அங்கிருந்து ஒன்றியம் வழியாக ஒரு அங்கன்வாடிப் பணியாளரின் பதிவேட்டில் வந்து நிற்கிறது. அவர் எழுதும் எண் அதே வழியில் திரும்பி ஏறுகிறது. இறங்கும்போது கேள்வி தேய்கிறது. ஏறும்போது எண் பளபளப்பாகிறது. வழியில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அதைக் கொஞ்சம் நன்றாகக் காட்ட ஒரு காரணம் இருக்கிறது.

இடையில் நம் நாட்டுக்குள்ளேயே கண்காணிக்க அமைப்புகள் உண்டு. 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி 2007-இல் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் வந்தது. அதே சட்டப்படி தமிழ்நாட்டுக்கும் மாநில ஆணையம் இருக்கிறது: ஒரு தலைவர், ஆறு உறுப்பினர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 31-வது பிரிவு, போக்சோ சட்டத்தின் 44-வது பிரிவு, இளைஞர் நீதிச் சட்டத்தின் 109-வது பிரிவு ஆகிய மூன்றும் கண்காணிக்கும் வேலையை இந்த ஆணையங்களிடம்தான் கொடுத்திருக்கின்றன. விசாரணையின்போது உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் உண்டு: ஆளை வரவழைக்கலாம், ஆவணம் கேட்கலாம். விசாரித்து முடித்தபின் என்ன? அரசுக்குப் பரிந்துரைக்கலாம், உயர் நீதிமன்றத்தையோ உச்ச நீதிமன்றத்தையோ அணுகலாம். தானாகத் தண்டிக்க முடியாது. நியமிப்பதும் அரசு, சம்பளம் கொடுப்பதும் அரசு; கண்காணிக்கப்படுவதும் அதே அரசு. இப்படிப்பட்ட அமைப்புகள் அரசின் பிடிக்கு வெளியே சுதந்திரமாக இருக்க வேண்டும் என்று ஜெனீவாக் குழு 2002-இலேயே தனியாக விளக்கம் எழுதியது. எழுதியது எழுதியபடி இருக்கிறது.

மாவட்டத்துக்கு வருவோம். எனக்கு நேரடியாகத் தெரிந்த இடம் இதுதான். இளைஞர் நீதிச் சட்டம் 54-வது பிரிவுப்படி, குழந்தைகள் இல்லங்களை ஆய்வு செய்ய ஒரு குழு இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது நேரில் போக வேண்டும். குறைந்தது மூன்று பேர். அதில் ஒரு பெண்ணும் ஒரு மருத்துவரும் கட்டாயம். சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு ஆய்வுக்குப் போனபோது நடந்ததைச் சொல்கிறேன். எந்த இல்லம் என்பது வேண்டாம். கோப்புகள் கச்சிதம். உணவுப் பட்டியல் சுவரில், லேமினேட் செய்து ஒட்டியிருந்தது. புகார்ப் பெட்டியும் இருந்தது, சிவப்புப் பெயின்ட் அடித்து, பூட்டுப் போட்டு. "புகார் ஏதாவது வந்ததா?" என்றேன். "இதுவரை ஒன்றுகூட இல்லை மேடம்" என்றார் வார்டன், பெருமையாக. சாவியைக் கேட்டேன். அவர் தன் இடுப்புச் சாவிக்கொத்திலிருந்தே கழற்றிக் கொடுத்தார். பூட்டு துருப்பிடித்துத் திறக்கவில்லை. தேங்காய் எண்ணெய் விட்டுத் திறந்தோம். உள்ளே பல்லி முட்டை இரண்டும், யாரோ எப்போதோ போட்ட சாக்லேட் தாளும். பெட்டி வைத்திருந்த இடம் எது தெரியுமா? வார்டன் அறைக் கதவுக்கு நேர் எதிரே.

அன்றைய ஆய்வுப் படிவத்தில் 'புகார்ப் பெட்டி உள்ளதா?' என்ற கட்டத்தில் 'ஆம்' என்றுதான் எழுத முடிந்தது. 'புகார்கள் எண்ணிக்கை' என்ற கட்டத்தில் பூஜ்யம். இரண்டும் உண்மை. அந்த இரண்டு உண்மையும் மேலே போய் மாவட்டக் கணக்கில் கூடி, 'புகாரற்ற இல்லங்கள்' என்று ஆகியிருக்கும். குறிப்பு எழுதும் இடத்தில் பூட்டைப் பற்றியும் சாவியைப் பற்றியும் நான் எழுதினேன். குறிப்பைக் கூட்டிப் பார்க்க முடியாது. எண்ணைத்தான் கூட்ட முடியும். அதிலிருந்து எனக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது: பூஜ்யம் என்று எழுதிய இடத்துக்குத்தான் முதலில் போவேன்.

சேலத்துக்காரர்களான நமக்கு இந்த எண் விவகாரம் புதிதாக இருக்கக் கூடாது. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் தொடங்கியதே சேலத்தில்தான். கள்ளிப்பால் காலம் அது. பெண் குழந்தை பிறந்த வீட்டுக்குள் மூன்றாம் நாள் என்ன நடந்தது என்று ஊரே தெரிந்தும் பேசாமல் இருந்த காலம். "கொல்லாதே, எங்களிடம் கொடு" என்று அரசு தொட்டில் வைத்தது. அந்தத் தொட்டில்களில் விழுந்த குழந்தைகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் சாதனைப் பட்டியலில் வந்தது. இதை ஒரு கண்காணிப்பாளர் கண்ணோடு பாருங்கள். எண்ணிக்கை கூடினால் என்ன அர்த்தம்? கொலையிலிருந்து தப்பிய குழந்தைகள் கூடினார்களா, இல்லை வளர்த்திருக்கக் கூடிய வீடுகளும் கைவிட ஆரம்பித்தனவா? குறைந்தால்? மனம் மாறியதா, அல்லது பிறந்தபின் செய்ததைப் பிறக்கும் முன்பே ஸ்கேன் சென்டரில் முடித்துவிட்டார்களா? கருவில் பால் அறிவதைத் தடுக்கும் சட்டம் 1994-இல் வந்தது சும்மா இல்லை. தொட்டில் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இதில் எதற்கும் பதில் சொல்ல முடியாது.

விளைவைச் சொல்லும் எண் வேறு. ஆறு வயது வரையிலான குழந்தைகளில் ஆயிரம் ஆணுக்கு எத்தனை பெண் என்ற கணக்கு. 2001-இல் சேலம் மாவட்டத்தில் அது 851. தமிழ்நாட்டின் சராசரி அப்போது 942. 2011-இல் சேலம் 916-க்கு ஏறியது. மாநிலம் 943-இல் நின்றது. பத்து வருடத்தில் 65 ஏறியது பெரிய விஷயம், மறுக்க மாட்டேன். ஆனால் இது தொட்டிலால் ஏறியதா, ஸ்கேன் சென்டர் சோதனையாலா, பெண்கள் படித்ததாலா, கிராமம் கிராமமாகப் போய்ப் பேசிய செவிலியர்களாலா என்று இந்த எண் சொல்லாது. அப்புறம், 1997-இல் நாமக்கல் பிரிந்துபோனது. 1991-க்கும் 2001-க்கும் சேலத்தை ஒப்பிடுகிறவர்கள் இரண்டு வேறு மாவட்டங்களை ஒப்பிடுகிறார்கள். கட்டுரை எழுதும்போது இதில் விழுந்துவிடாதீர்கள். 2021-இல் எடுக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்காமல் 2027-க்குப் போய்விட்டது. 2011-இல் தொட்டிலில் கிடந்த குழந்தை பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதும் வயதுக்கு வந்துவிட்டது. நாம் இன்னும் அந்தக் குழந்தையின் கணக்கை வைத்துத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

தொட்டிலைப் பற்றி இன்னொன்று. ஐரோப்பாவில் சில நாடுகளில் இதே போல, தாய் முகம் காட்டாமல் குழந்தையை வைத்துவிட்டுப் போகும் பெட்டிகள் உண்டு. 2011-இல் செக் குடியரசை விசாரித்தபோது, அந்தப் பெட்டிகளைச் சீக்கிரம் நிறுத்துங்கள் என்று ஜெனீவாக் குழு கடுமையாகவே சொன்னது. தன் பெற்றோர் யாரென்று அறியும் உரிமை குழந்தைக்கு உண்டு என்பது உடன்படிக்கையின் 7-வது பிரிவு. இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது: 1992-இன் சேலத்தைப் பார்த்திருந்தால் இப்படிச் சொல்வார்களா? கோபம் ஆறியபின் யோசித்தால், இரண்டு பேர் சொல்வதும் ஒரே குழந்தையைப் பற்றித்தான். அன்று இங்கே உயிரே கேள்வியாக இருந்தது. தொட்டிலை நான் குறை சொல்ல மாட்டேன். இன்று சட்டத்திலேயே வேறு வழி இருக்கிறது. மாவட்டத்தில் உள்ள குழந்தைகள் நலக் குழுவிடம் முறையாக ஒப்படைக்கலாம், ஆலோசனை கிடைக்கும், மனம் மாறினால் திரும்பப் பெற இரண்டு மாத அவகாசம் உண்டு. முப்பது வருடம் கழித்தும் தொட்டிலில் எத்தனை விழுந்தது என்பதையே சாதனையாகப் படித்துக்கொண்டிருந்தால், நாம் கேள்வியை மாற்றவே இல்லை என்று அர்த்தம்.

இப்போது உங்கள் மலை. குழந்தைத் திருமணத்தை எடுத்துக்கொள்வோம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 20 முதல் 24 வயதுப் பெண்களில் 18-க்கு முன் திருமணமானவர்கள் இந்தியாவில் 23.3 சதவீதம், தமிழ்நாட்டில் 12.8 சதவீதம். நல்ல எண் மாதிரித் தெரிகிறது. ஆனால் 24 வயதுப் பெண்ணிடம் கேட்டு வாங்கிய பதில் ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் நடந்த கல்யாணத்தைப் பற்றியது. இன்று வெள்ளக்கடையிலோ மாரமங்கலத்திலோ ஒன்பதாவது படிக்கும் பெண்ணுக்குப் பேச்சு நடக்கிறதா என்பது அதில் வராது. இன்னொன்று, மாவட்டம்தான் அந்தக் கணக்கின் கடைசிப் படி. சேலம் மாநகரம், ஓமலூர், ஆத்தூர், உங்கள் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை எல்லாம் ஒரே சட்டியில் போட்டுக் கலக்கிய சராசரி. மலையாளி பழங்குடிப் பெண்கள் அந்தச் சராசரிக்குள் கரைந்துபோகிறார்கள். இடம், சமூகம் என்று பிரித்துக் கணக்கெடுங்கள் என்று 2014-இல் ஜெனீவா கேட்டது இதைத்தான். மலைக்கு யாரும் வந்து பார்க்கவில்லை என்கிறீர்கள். அங்கிருந்து போன எண்கூட மலையின் பெயரைச் சுமந்துகொண்டு போகவில்லை.

அலுவலகக் கணக்கு வேறொன்று: குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு வந்த அழைப்புகள், தடுத்து நிறுத்திய திருமணங்கள். அழைப்பு அதிகமான ஒன்றியம் மோசமான ஒன்றியம் மாதிரிக் காகிதத்தில் தெரியும். உண்மையில் அங்கேதான் யாரோ ஒரு பிள்ளைக்கு அந்த எண் தெரிந்திருக்கிறது, பேசத் தைரியமும் இருந்திருக்கிறது. நிறுத்திய திருமணம் நின்றேதான் இருக்கிறதா என்று யார் பார்க்கிறார்கள்? மலையடிவாரத்து ஊர் ஒன்றில் பெற்றோரிடம் எழுதி வாங்கி நிறுத்திய ஒரு கல்யாணத்துக்கு நானும் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். மூன்று மாதம் கழித்து அந்தப் பெண்ணை அஸ்தம்பட்டி பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். கழுத்தில் மஞ்சள் கயிறு. வேறு மாவட்டத்துக் கோயிலில் முடித்துவிட்டார்கள். அந்த ஆண்டின் 'நிறுத்தப்பட்டவை' கணக்கில் அவள் இன்னும் இருக்கிறாள், நானும் சாட்சியாக இருக்கிறேன்.

கண்காணிப்பே பிள்ளைகளை ஒளிய வைக்கும் இடமும் உண்டு. 18 வயதுக்குக் கீழே ஒரு பெண் கர்ப்பமாக ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தால், போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தகவல் போக வேண்டும். சட்டத்தின் நோக்கம் சரி. ஆனால் மலையில் செய்தி எப்படிப் பரவுகிறது? "ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் வரும்." அவ்வளவுதான். ஐந்தாம் மாதம் வரை வர மாட்டார்கள், வந்தாலும் வயது பத்தொன்பது என்பார்கள். வளரிளம் கர்ப்பம் குறைந்ததாகக் கணக்கு காட்டும். அதே ஊரில் எடை குறைவாகப் பிறந்த குழந்தைகள் கூடியிருக்கும். இரண்டு பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கதை புரியும். ஒன்று சுகாதாரத் துறையிடம் இருக்கிறது, மற்றொன்று அங்கன்வாடியில்.

பள்ளிக்கூடத்தைப் பற்றி நீங்களே எனக்குச் சொல்லித்தரலாம். ஒன்று மட்டும் சொல்கிறேன். தமிழ்நாட்டின் கல்வி உரிமை விதிகளில், தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள், நடுநிலை வகுப்புகள் மூன்று கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். மலையில் எதிர்ச் சரிவில் இருக்கும் பள்ளி கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். மணி அடிப்பதுகூடக் கேட்கும். ஓடைக்கு இறங்கி ஏறினால் முக்கால் மணி நேரம், ஐப்பசி மழையில் ஓடையைத் தாண்டவே முடியாது. வரைபடத்தில் அது 'ஒரு கிலோமீட்டருக்குள்'. மழை விட்டதும் காப்பிப் பழம் பறிக்கும் காலம் வந்துவிடும். அம்மா எஸ்டேட்டுக்குப் போனால் தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்கா வீட்டில் நிற்பாள். வருகைப் பதிவேட்டில் இது 'விடுப்பு', வேலைக் கணக்கில் வராது. 2016-இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம், பள்ளி நேரம் போக வீட்டுத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்று விட்டுவைத்திருக்கிறது. பழம் பறிக்கும் வாரத்தில் பள்ளி நேரம் எது, உதவி எது என்று பிரிக்க நேரில் ஒரு கண் வேண்டும்.

அந்தக் கண்ணுக்கு ஏற்பாடு இல்லாமல் இல்லை. ஊராட்சிதோறும் கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். ஊராட்சித் தலைவர், அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியர், கிராம சுகாதாரச் செவிலியர், முக்கியமாக இரண்டு குழந்தைகள். குழந்தையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்ற உடன்படிக்கையின் 12-வது பிரிவு உங்கள் மலையில் எட்டும் நாற்காலிகள் அந்த இரண்டும்தான். 2025 ஜனவரியில் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தபின், பல இடங்களில் இந்தக் குழுவைக் கூட்டுவது யார் வேலை என்பதே குழப்பமாகிவிட்டது. மலை ஊர் ஒன்றில் இந்தக் குழுவின் தீர்மான நோட்டை வாங்கிப் பார்த்தேன். நாற்பது பக்க நோட்டு, எட்டுப் பக்கம்தான் எழுதியிருந்தது. நான்கு கூட்டத்துக்கும் ஒரே வாசகம்: 'குழந்தைகள் பாதுகாப்பு குறித்து விவாதிக்கப்பட்டது. பிரச்சினை ஏதும் இல்லை.' நான்குக்கும் ஒரே நீலப் பேனா, ஒரே நாளில் எழுதியது போல. கடைசியில் இரண்டு பிள்ளைகளின் கையெழுத்து. அதில் ஒரு பெண் முந்தைய ஜூனிலேயே திருப்பூர் மில் விடுதிக்குப் போய்விட்டாள் என்று அங்கன்வாடி அக்காவே சொன்னார். "மேலே நோட்டு கேட்டாங்க, எழுதிட்டோம்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அன்று அவர் நிரப்ப வேண்டிய பதிவேடுகளை நான் எண்ணினேன்; ஒன்பதுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

நீங்கள் என்ன செய்யலாம் என்று கேட்கவில்லை. ஆனாலும் படிக்கிற பிள்ளை, கேட்கத்தான் போகிறீர்கள். அரசு அறிக்கைக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க, தொண்டு அமைப்புகள் ஜெனீவாக் குழுவுக்கு மாற்று அறிக்கை கொடுக்கும் வழி உடன்படிக்கையின் 45-வது பிரிவிலேயே இருக்கிறது. பிள்ளைகளே எழுதியனுப்பியதையும் குழு வாங்கிப் படிக்கும். அதற்குப் பெரிய ஆய்வு தேவையில்லை, தேதியும் இடமும் உள்ள சின்ன உண்மைகள்தான் வேண்டும். பிள்ளைகளின் பெயரை மட்டும் எங்கேயும் எழுதிவிடாதீர்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில், மாவட்ட ஆய்வுக் குழு கடந்த ஆண்டில் எத்தனை முறை எந்தெந்த இல்லத்துக்குப் போனது என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வருடத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. அடுத்ததற்குப் போகும்போது உங்கள் ஊராட்சியின் அந்தத் தீர்மான நோட்டைக் கேட்டு வாங்குங்கள். கையெழுத்துப் போட்ட பிள்ளைகளில் யாராவது ஊரில் இருந்தால் கூடவே கூட்டிப் போய், நோட்டில் இருப்பதை அவர்களையே சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள்.